தாரணி காட்டிய மூன்று விரல்

மார்ச் 14, வெள்ளி

மண்டல பூஜையில் இன்று முப்பத்தேழாம் நாள்.

காலையில் பால் சொசைட்டியில் பொன்னுசாமியின் பாலில் லாக்டோமீட்டர் இருபத்திரண்டுக்கு மேல் ஏற மறுத்தது. "மாட்டைக் கறந்தயா பொன்னு, இல்ல கெணத்தைக் கறந்தயா?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்ப் பாலைச் சோதிக்கிறேன். தண்ணீர் கலந்தவனை முகத்துக்கு நேரே சொல்லாமல் விட்டதில்லை. வசந்தாமணிக்கு வாய் பொல்லாது, ஆனால் பொய் வராது என்று ஊரில் சொல்வார்கள். இரண்டும் உண்மை.

தாரணி இன்றும் ஆறரைக்கெல்லாம் குளித்து ஈரத்தலையோடு செல்லாண்டியம்மன் கோயிலுக்குத் தட்டு எடுத்துப் போனாள். பெரிய வீட்டுப் பூஜைத் தட்டு, எங்கள் குடும்பத்து உரிமை. என் வீட்டுக்காரர் தர்மகர்த்தாவாக இருந்தவரை நான் சுமந்தது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது, இனி நான் அதைத் தொடக்கூடாது. எந்த அம்மன் சொன்னாள் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது, ஆனால் தொடக்கூடாது. மருமகள்தான் எடுக்க வேண்டும். கும்பாபிஷேகம் முடிந்து நாற்பத்தெட்டு நாளில் ஒரு நாள் தவறினாலும் தட்டு கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விடும். அவர் மனைவி சாவித்திரி தினமும் கோயில் வாசலில் நின்று, "இன்னைக்கும் வந்துட்டயா அம்மிணி?" என்று தாரணியைக் கேட்கிறாள். எதை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? எண்ணட்டும். அதற்கு வேண்டியதை நான் செய்துவிட்டேன்.

தாரணி காலெல்லாம் கனக்கிறது, தலை வலிக்கிறது என்றாள். பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. குழந்தைகளைக் கட்டி மேய்த்தால் யாருக்குத்தான் வலிக்காது. "இன்னும் பதினோரு நாள்தான் கண்ணு, பொறுத்துக்கோ" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

பஸ் ஏறித் தாராபுரம் போய் வந்தேன். நம் ஊர் மருந்துக்கடைக்காரனுக்கு வாயில் பூட்டு கிடையாது.

மார்ச் 20, வியாழன்

கோயம்புத்தூர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை ஓயவில்லை, எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

காலையில் அம்மன் முன்னால் தட்டைக் கொடுக்கப் போனவளுக்கு வலது கை அப்படியே தொங்கிவிட்டது. தேங்காய் உருண்டது, விளக்கு கவிழ்ந்தது, அவளும் சாய்ந்தாள். "என்னாச்சு கண்ணு?" என்று தூக்கினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச முயன்றாள், வந்ததில் ஒரு சொல்லும் சொல்லாக இல்லை. மகன் பூபதி மில்லிலிருந்து ஓடி வந்து ஆம்புலன்சில் ஏற்றினான்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். அவள் தலை என் மடியில் இருந்தபோது நான் தட்டைத்தான் பார்த்தேன். சாவித்திரி குனிந்து அதை எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மருமகளின் முகத்தைப் பார்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இதய டாக்டர் ஒரு சின்னப் பெண், ஷெரின் என்று பெயர். பொறுமையாகச் சொல்கிறார். இதயத்தில் இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறதாம், வால்வு. அதன் இதழில் இலந்தைக் கொட்டை அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டு ஆடுகிறது. அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போய்விட்டது. ஒட்டியிருப்பது கிருமியால் வந்ததா, கட்டியா, இல்லை ரத்தம் உறைந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு என்றார்.

"காய்ச்சல் இருந்ததா? பல் பிடுங்கினாங்களா? ஏதாவது மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்களா? கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, எதுவானாலும் சொல்லுங்க."

பூபதி என்னைப் பார்த்தான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் பெண்கள் சங்கதி அவன் காதுக்குப் போகிற வழக்கமில்லை.

"அயர்ன் மாத்திரை மட்டுந்தானுங்க" என்றேன்.

பொய்யில்லை. அயர்ன் மாத்திரையும் சாப்பிட்டாள்.

மார்ச் 22, சனி

கிருமியாகத்தான் இருக்கும் என்று இப்போதைக்கு முடிவு செய்து ஊசி ஏற்றுகிறார்கள். கிருமியாக இருந்தால் ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுக்க முடியாதாம், மூளையில் கசிந்துவிடும். அதனால் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மதியம் எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். தாரணி என்னையே பார்த்தாள். நல்ல கையான இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாள். பிறகு அதே விரல்களால் வாயைத் தொட்டாள். மறுபடி மூன்று விரல், மறுபடி வாய்.

"மூணு மணிக்கா? என்ன வேணும் தாரணி? பசிக்குதா?" என்று பூபதி குனிந்து குனிந்து கேட்டான்.

"தாகமா இருக்கும்" என்று சொல்லித் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து ஊட்டினேன். குடித்தாள். கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. அவள் கையை நான் போர்வைக்குள் எடுத்து வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

லாட்ஜில் பூபதியின் சட்டைகளைத் துவைத்தேன். தாரணியின் அம்மா வந்து சேர்ந்தார்கள். "உங்க கையில குடுத்துட்டு நிம்மதியா இருந்தனுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 24, திங்கள்

சொசைட்டியிலிருந்து போன் வந்தது. நான் இல்லாததால் பால் தண்ணீராக வருகிறதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கைப்பையின் உள் அறையில் மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது. பதினேழாம் தேதி வாங்கியது, பாதி தீர்ந்திருக்கிறது. தூக்கிப் போட இரண்டு முறை குப்பைத்தொட்டி வரை போனேன். ஏன் போடவில்லை என்று தெரியவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நாற்பத்தெட்டாம் நாள். பூஜை நல்லபடியாக நிறைவடைந்ததாம்.

விடிகாலையில் தாரணியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே சில்லிட்டு வெளுத்துவிட்டது. வால்விலிருந்து இன்னொரு துணுக்கு காலுக்குப் போய் அடைத்திருக்கிறது. ஓட்டமாகக் கொண்டுபோய்த் தொடைப்பக்கம் கீறி அதை எடுத்தார்கள். கால் தப்பியது, விரல்கள் எப்படி ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மெட்டி. வீக்கத்தில் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்திருந்தார்கள்.

டாக்டர் ஷெரின் வெளியே வந்து, "ரத்தத்துல கிருமி எதுவும் வளரல. எனக்கு இது கிருமியாத் தெரியல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, வேற எதுவுமே சாப்பிடலையா?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். பூபதியும் சம்பந்தியம்மாவும் இல்லை இல்லை என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கவர் என் கையில் இருந்தது.

பதினோரு மணிக்கு அவர் அறைக்குத் தனியாகப் போனேன். அட்டையை மேசையில் வைத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார்.

"மாசவிலக்கைத் தள்ளிப்போடற மாத்திரை. எப்பல இருந்து?"

"பிப்ரவரி எட்டாந்தேதில இருந்துங்க."

"தினம் எத்தனை?"

"மொதல்ல ரெண்டு. நடுவுல துணியில கொஞ்சம் பட்டுருச்சுங்க, அதுக்கப்புறம் மூணு."

"நாப்பது நாளா? யார் எழுதிக் குடுத்தது?"

"யாருமில்லீங்க. நானேதான்."

"அவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

பத்து நாளைக்கு என்றுதான் ஒத்துக்கொண்டாள். அதற்கு மேல் வேண்டாம் அத்தை, பயமாக இருக்கிறது என்றாள். நான் டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டேன், ஒன்றும் செய்யாதாம் என்றேன். எந்த டாக்டரையும் நான் கேட்கவில்லை. அத்தை பொய் சொல்லமாட்டார்கள் என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "அஞ்சு நாளாக் கேக்கறேன்மா" என்று மட்டும் சொன்னார்.

"மொத நாளே சொல்லியிருந்தா அந்தக் காலு?"

"மருந்தை அன்னைக்கே மாத்தியிருப்போம். கால் தப்பிச்சிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. தப்பிச்சிருக்கலாம்."

மகனுக்குத் தெரிய வேண்டாமுங்க என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதவே கூசுகிறது. "கேஸ் ஷீட்ல எழுதித்தான் ஆகணும். அவர்கிட்ட நீங்களே சொல்லிடறது நல்லது" என்றார்.

மார்ச் 26, புதன்

ரத்தத்தை இளக்கும் மருந்து ஏறுகிறது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி வைத்து, மெஷினில் ரத்தத்தை ஓட விட்டு, உறைந்ததை எடுக்கப் போகிறார்கள். வால்வு கெட்டிருந்தால் அதை வெட்டிவிட்டு உலோக வால்வு வைப்பார்கள். அதை வைத்துவிட்டால் பிள்ளை பெறுவது ஆபத்து, ரொம்பவே யோசிக்க வேண்டும் என்றார்கள். அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்தான். சொந்த வால்வு தப்பினால் பாக்கியம்.

பூபதி இன்று சாப்பிடவில்லை, அதனால் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

நான் சொன்னதாக எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்க வந்தவர்கள் அவன் கையில் காகிதங்களைக் கொடுத்தார்கள். படித்தான். ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து படித்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்கு அவ மூணு வெரலைக் காட்டுனாளே, இதுக்குத்தானுங்களா?"

"ஆமா சாமி."

பேனாவைச் சட்டைப்பையில் செருகினான்.

"நீங்க தண்ணி குடுத்தீங்க."

அவ்வளவுதான் சொன்னான். அவன் என்னை அடித்திருக்கலாம். எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். அவனுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனேன், என் கையால் கொடுக்கத் தைரியம் இல்லாமல் சம்பந்தியம்மாவிடம் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 28, வெள்ளி

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரை வரை ஒரு சேதியும் இல்லை. செல்லாண்டியம்மனை வேண்டிக்கொள்ள வாயெடுத்தேன். எந்த முகத்தோடு? அவள் ஒன்றும் தட்டுக் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன்.

ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "ரெண்டு இதழ்லயும் உறைஞ்ச ரத்தம் ஆடை மாதிரி ஒட்டியிருந்துச்சு. பொறுமையா உரிச்சு எடுத்துட்டோம். அடியில வால்வு நல்லா இருக்கு. அவங்க சொந்த வால்வையே வச்சாச்சு. மருந்தை மாத்தினதுல உறைஞ்சது கொஞ்சம் இளகியிருந்தது, அதுவும் நல்லதாப் போச்சு" என்றார்.

பூபதி சுவரில் சாய்ந்து அழுதான். சம்பந்தியம்மா என்னைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு இன்னும் தெரியாது. நான் கட்டையாக நின்றேன். பிறகு அவர்களைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். என் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டார்கள். பேசாமல் இருப்பதுதான் அவர்களுடைய குணம், நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மெட்டி போடுகிற விரலும் அதற்கு அடுத்ததும்.

ஏப்ரல் 5, சனி

ரத்தப் பரிசோதனை வந்தது. தாரணிக்கு இயல்பிலேயே ரத்தம் சீக்கிரம் உறையும் குணம் இருக்கிறாற்போல் தெரிகிறதாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதி. "அப்ப மாத்திரை மட்டும் காரணமில்லீங்களா?" என்று அவசரமாகக் கேட்டுவிட்டேன். டாக்டர் ஷெரின் என்னைப் பார்த்தார். "மாத்திரை மட்டும் காரணமில்ல. ஆனா இந்த ரத்தத்துக்கு அந்த மாத்திரையைக் குடுத்திருக்கவே கூடாது" என்றார்.

அந்த முதல் பாதியைக் கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மருமகளுக்கு ரத்தத்தில் கோளாறு என்று சந்தோஷப்பட்ட மாமியார் நான். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தாரணி இன்று பேசினாள். நாலைந்து நாளாக ஒற்றைச் சொல்தான் வந்துகொண்டிருந்தது, அதுவும் தலையணை என்பதற்குத் தண்டவாளம் என்பாள். இன்று என்னைப் பார்த்து நிறுத்தி நிறுத்தி, "முடிஞ்சுதுங்களா?" என்றாள்.

பூஜையைக் கேட்கிறாள் என்று புரிந்தது. "முடிஞ்சுது கண்ணு."

"யாரு?"

"தட்டை உன்ற சின்னத்தை சாவித்திரி எடுத்தா."

சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை. வாயின் ஒரு பக்கம் இன்னும் சரியாகவில்லை. என்னை மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அவள் பரவாயில்லை அத்தை என்று சொல்லித் தொலைப்பாள். பேச்சே வராதவளிடம் அதையும் பிடுங்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பூபதி என்னோடு பேசுகிறான், சோறு போடுங்க, சுடுதண்ணி வைங்க என்கிற அளவுக்கு.

ஏப்ரல் 12, சனி

தாரணியைப் பார்க்க ஊரே வந்து போகிறது. ஆரஞ்சுப்பழம் மலையாகக் குவிந்துவிட்டது. கொல்லையில் துணி காயப்போடும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள்.

"அதெப்படி ஆத்தா நாப்பது நாளா ஒரு நாளுகூட ஒதுங்காம வர முடியும்? தீட்டோடயே தட்டைத் தூக்கியிருக்கறா. அம்மன் சும்மா உடுவாளா? கையையும் காலையும் வாங்கிப்போட்டா."

"சாவித்திரி அப்பவே சொன்னா."

ஈரத்துணியோடு நின்றேன். உள்ளே சன்னல் திறந்திருந்தது, தாரணி கட்டிலில் படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. அவளால் மறுத்துப் பேச ஒரு வாக்கியம் கோக்க முடியாது. கோத்தாலும் என்னைக் காட்டிக் கொடுக்கமாட்டாள். ஊர் அவளைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும், நான் அந்த வாசலிலேயே நல்ல மாமியாராக உட்கார்ந்திருப்பேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்குச் சொசைட்டி. கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு நான் வந்ததால் வரிசை நீளம். முப்பது பேர் இருக்கும், சாவித்திரியும் தூக்குச் சட்டியோடு நின்றாள். முதல் பாலை ஊற்றுவதற்கு முன்னால் லாக்டோமீட்டரைக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. என்ற மருமக தீட்டோட கோயிலுக்கு வரல. தீட்டே வராம இருக்க நான் மாத்திரை குடுத்தேன். நாப்பது நாளு. அவ வேண்டாம்னா. டாக்டரைக் கேட்டேன்னு பொய் சொல்லித் திங்க வச்சேன். அதுலதான் ரத்தம் ஒறைஞ்சு இருதயத்துல உக்காந்துக்கிச்சு. ஆஸ்பத்திரில கேட்டப்பவும் அஞ்சு நாளு மறைச்சேன். அதுலதான் வெரலு போச்சு. அம்மன் ஒண்ணும் பண்ணல. நான் பண்ணினேன்."

பொன்னுசாமி இரண்டாவதாக நின்றுகொண்டிருந்தான். சிரிக்க அவனுக்குப் பாத்தியதை உண்டு. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பால ஊத்துங்க" என்றேன். ஊற்றினார்கள். வழக்கமாக இரைச்சலாக இருக்கும் இடத்தில் பால் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எல்லாரும் போன பிறகு மூன்று பெண்கள் நின்றார்கள். ஒருத்தி, "எத்தனை நாளு வரைக்கும் ஒண்ணும் பண்ணாதுங்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். இன்னொருத்திக்கு மகள் கல்யாணம் வைகாசியில். மூன்றாவதாக நின்றவள் சாவித்திரி. தாராபுரம் மருந்துக்கடையின் காகிதப் பையை முந்தானையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அவள் மருமகளுக்காம், அடுத்த மாதம் கோயில் பொங்கலுக்கு வாங்கியது. நான், "எனக்குத் தெரியாதும்மா, டாக்டரைக் கேளுங்க" என்று அவர்களுக்கு டாக்டர் ஷெரினின் நம்பரை எழுதிக் கொடுத்தேன் என்று எழுத வந்தேன். அப்படி எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன். நான் சொன்னது, "என்னைக் கேக்காதீங்க. டாக்டரைக் கேளுங்க." நம்பரைக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. பூபதி வாசலில் நின்றான். "காப்பி போட்டு வச்சிருக்கேனுங்க" என்றான்.

எட்டு மணிக்குத் தாரணிக்கு மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, தினம் ஒன்று. அட்டையையும் தண்ணீரையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவள் செய்வதையே இன்றும் செய்தாள். அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி, பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். அவளுடைய எல்.கே.ஜி. பிள்ளைகள் இதைவிட வேகமாகப் படிப்பார்கள். நடுவில் ஒரு எழுத்து தட்டியது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

படித்து முடிக்கும்வரை தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கையை நீட்டித் தண்ணீரை வாங்கிக்கொண்டாள்.